ரன்னிங் பேக்கை எந்தச் சுற்றில் எடுக்கலாம்? டிராஃப்டில் இடத்தின் மதிப்பைக் கணக்குப் போடும் வழி

2018 ஏப்ரலில், அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியிடம், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் டிராஃப்டின் இரண்டாவது தேர்வு இருந்தது. முந்தைய பருவத்தில் 3 வெற்றி, 13 தோல்வி. அவர்கள் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லியை எடுத்தார்கள். முதல் பருவத்திலேயே ஓடியும் பந்தைப் பிடித்தும் 2,028 யார்டு சேர்த்தார், ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார். அணி அந்தப் பருவத்தை 5 வெற்றி, 11 தோல்வியோடு முடித்தது.

ஆறு ஆண்டு கழித்து அதே பார்க்லி ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குப் போய், 2024 பருவத்தில் 2,005 யார்டு ஓடி, லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலும் வென்றார். ஜயன்ட்ஸ் ஆளைத் தப்பாகக் கணிக்கவில்லை. அந்த ஆளுக்கு அந்த நேரத்தில் அவர்கள் கொடுத்த விலைதான் தப்பு. ஆள் நல்லவரா என்ற கேள்வியையும், அவருக்கு இந்தத் தேர்வைச் செலவழிக்கலாமா என்ற கேள்வியையும் தனித்தனியாக வைத்துப் பார்ப்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. யார் யாரை எடுப்பார்கள் என்று முன்கூட்டியே மாக் டிராஃப்ட் போட்டுப் பார்ப்பவர்களுக்கும், தங்கள் அணி செய்த தேர்வு சரியா என்று யோசிப்பவர்களுக்கும் உதவும். ரசிகர்கள் கற்பனை அணி கட்டி ஆடும் ஃபேன்டசி லீக்குக்கு இது பொருந்தாது. அங்கே ரன்னிங் பேக்குக்குக் கிராக்கி வேறு, சம்பளக் கணக்கும் கிடையாது.

தொடங்கும் முன் அடிப்படை கொஞ்சம். என்எஃப்எல்லில் 32 அணிகள், டிராஃப்டில் ஏழு சுற்றுகள், மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. 2011இல் வந்த தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு புதுமுகங்களின் சம்பளம் தேர்வு எண்ணைப் பொறுத்தே அமைகிறது. ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கு. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரை மட்டும் ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. ஒவ்வொரு அணிக்கும் மொத்தச் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. 2025இல் அது 27.92 கோடி டாலர். ரன்னிங் பேக் என்பவர், ஆட்டத்தை நடத்திப் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓடுபவர்.

படி 1: முதலில் விலைப்பட்டியல், பிறகு வீடியோ

பெரும்பாலோர் ஹைலைட்ஸ் பார்த்து மனசைப் பறிகொடுத்த பிறகுதான் கணக்குக்கு வருகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். நான் ஒவ்வொரு ஏப்ரலிலும் நோட்டில் மூன்று கட்டம் போடுவேன்: இந்தத் தேர்வுக்கான சம்பளம், அந்த இடத்தில் லீகிலேயே அதிகம் வாங்குபவரின் சம்பளம், நடுத்தரமான ஒருவரை வெளிச்சந்தையில் எடுக்க ஆகும் சம்பளம்.

2025இன் ஆறாவது தேர்வையே எடுத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுக்குச் சுமார் 3.6 கோடி டாலர், அதாவது ஆண்டுக்கு 90 லட்சம். அவர் எந்த இடத்தில் ஆடினாலும் ஏறக்குறைய இதே தொகைதான். சூட்சுமம் முழுக்க இதில்தான் இருக்கிறது. நீங்கள் கொடுப்பது மாறாது, வெளியே அதே சரக்கின் விலை மாறும்.

அந்த வசந்தத்தில் ரன்னிங் பேக்குகளில் உச்சம் பார்க்லி, புதிய ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2.06 கோடி. குவார்ட்டர்பேக்கின் இடப்பக்கத்தைக் காக்கும் லெஃப்ட் டேக்கிளில் டிரிஸ்டன் வர்ஃப்ஸ், 2.81 கோடி. எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் எட்ஜ் ரஷரில் மைல்ஸ் காரட், 4 கோடி. வீசிய பந்தைப் பிடிக்கும் வைடு ரிசீவரில் ஜமார் சேஸ், 4 கோடிக்குச் சற்று மேல். குவார்ட்டர்பேக்கில் டாக் பிரெஸ்காட், 6 கோடி. ஒவ்வொன்றிலும் 90 லட்சத்தைக் கழித்துப் பாருங்கள். நீங்கள் எடுக்கும் ரன்னிங் பேக் லீகிலேயே முதல் ஆளாக வந்தால்கூட ஆண்டுக்கு மிச்சம் 1.16 கோடி. ரிசீவர் அப்படி வந்தால் மிச்சம் 3.1 கோடி. அந்த இரண்டு கோடியில் இன்னொரு நல்ல ஆட்டக்காரரை வாங்கலாம்.

மூன்றாவது கட்டத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2023இல் டெட்ராய்ட் லயன்ஸ் டேவிட் மான்ட்கோமரியை மூன்று ஆண்டுக்கு 1.8 கோடிக்கு எடுத்தது, ஆண்டுக்கு 60 லட்சம். 2024இல் பால்டிமோர் ரேவன்ஸ் டெரிக் ஹென்றியை இரண்டு ஆண்டுக்கு 1.6 கோடிக்கு எடுத்தது. அந்தப் பருவத்தில் ஹென்றி ஓடியது 1,921 யார்டு. ஆறாவது தேர்வில் எடுத்த ரன்னிங் பேக் சும்மா 'பரவாயில்லை' ரகமாக அமைந்தால், கடையில் 60 லட்சத்துக்குக் கிடைப்பதற்கு 90 லட்சம் கொடுத்தவர்களாகிறோம், தேர்வும் போய்விட்டது. ரிசீவரோ டேக்கிளோ 'பரவாயில்லை' ரகமாக வந்தாலும் நஷ்டமில்லை, ஏனென்றால் அந்த ரகத்துக்கே வெளியே 90 லட்சத்துக்கு மேல் கேட்பார்கள்.

படி 2: ஓடியவர் எவ்வளவு, வழிவிட்டவர்கள் எவ்வளவு

இந்தப் படிக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு ஓட்டத்தை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். அவுட்சைடு ஸோன் என்ற ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். பந்து ஸ்நாப் ஆனதும், அதாவது ஆட்டம் தொடங்கப் பின்னால் கொடுக்கப்பட்டதும், முன்வரிசையில் நின்று தடுக்கும் ஐந்து லைன்மேன்களும் ஒரே பக்கமாக, ஒரே தாளத்தில் நகர்வார்கள். ரன்னிங் பேக்கும் அந்தப் பக்கமே மூன்று எட்டு வைப்பார். அவர் கண் தன் அணியின் கடைசித் தடுப்பாளரின் முதுகில் இருக்கும். எதிராளி வெளிப்பக்கம் சாய்ந்தால் இவர் உள்ளே வெட்ட வேண்டும், உள்ளே அடைத்தால் வெளியே போக வேண்டும். இவரது திறமை அந்த ஒரு வெட்டில் தெரியும், பிறகு எதிரணியின் கடைசி ஆளைத் தனியாகச் சந்திக்கும்போது தெரியும். அதற்கு முன்னால் வந்த நான்கு யார்டு லைனுடைய சம்பாத்தியம்.

அதனால் யார்டுக் கணக்கைப் பார்க்கும்போது, எதிராளியின் முதல் தொடுதலுக்கு முன் எத்தனை, பிறகு எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். என்எஃப்எல்லின் நெக்ஸ்ட் ஜென் ஸ்டாட்ஸ், பந்தைக் கையில் வாங்கும் கணத்தில் எல்லாரும் நிற்கும் இடத்தை வைத்து அந்த ஓட்டத்தில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று கணித்து, அதற்கு மேல் அவர் எவ்வளவு எடுத்தார் என்று சொல்கிறது. கல்லூரி ஆட்டங்களுக்கு அந்த வசதி இல்லாவிட்டாலும் நீங்களே இருபது ஓட்டங்களை எடுத்து நோட்டில் குறித்துக்கொள்ளலாம்: முதல் கை எங்கே பட்டது, விழுந்தது எங்கே. ஒரு மாலை போதும்.

இதற்கு ஆய்வுக்கூடச் சோதனை மாதிரி ஓர் எடுத்துக்காட்டு பார்க்லிதான். 2023இல் ஜயன்ட்ஸில் 247 ஓட்டம், 962 யார்டு, சராசரி 3.9. அடுத்த ஆண்டு ஈகிள்ஸில் 345 ஓட்டம், 2,005 யார்டு, சராசரி 5.8. அதே கால்கள்தான், வயது ஒன்று கூடியும் இருந்தது. மாறியது முன்னால் நின்றவர்கள்: ஜார்டன் மைலாட்டா, லேண்டன் டிக்கர்சன், கேம் ஜர்கன்ஸ், மெக்கை பெக்டன், லேன் ஜான்சன். இதில் மைலாட்டா 2018இல், அதாவது பார்க்லி இரண்டாவதாகப் போன அதே டிராஃப்டில், ஏழாம் சுற்றில் 233ஆவதாக எடுக்கப்பட்டவர். அதற்காகப் பார்க்லியின் பங்கு சின்னது என்று நினைக்க வேண்டாம். லைன் திறந்துவிட்ட இடத்திலிருந்து எழுபது யார்டு ஓடிக் கோட்டைத் தொட எல்லாராலும் முடியாது. ஆனால் திறக்காத இடத்தில் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

படி 3: அடுத்த ஆள் எங்கே கிடைப்பார்

ஒரு தேர்வின் உண்மையான விலை, அதை எடுத்ததால் கைவிட்டது. ஆகவே இரண்டு பெயர்களை எழுதுங்கள்: இப்போது எடுக்க நினைக்கும் ரன்னிங் பேக், உங்கள் அடுத்த தேர்வு வரும்போது மிஞ்சியிருக்கக்கூடிய ரன்னிங் பேக். அதேபோல ரிசீவரிலும் டேக்கிளிலும் இரண்டிரண்டு பெயர். எங்கே சரிவு செங்குத்தாக இருக்கிறதோ அந்த இடத்தை முதலில் எடுக்க வேண்டும்.

ரன்னிங் பேக்கில் இந்தச் சரிவு பெரும்பாலும் மெதுவானது. 2017இல் லெனார்ட் ஃபோர்னெட் நான்காவதாகப் போனார். அந்த ஆண்டு லீகிலேயே அதிகம் ஓடியவர் 86ஆவதாக எடுக்கப்பட்ட புதுமுகம் கரீம் ஹண்ட், 1,327 யார்டு. ஆல்வின் கமாரா 67ஆவது. 2012இல் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் ஓர் இடம் முன்னேறி, அதற்குத் தேர்வுகளையும் கொடுத்து, டிரென்ட் ரிச்சர்ட்சனை மூன்றாவதாக எடுத்தது. அவர் அந்தப் பருவத்தில் 950 யார்டு ஓடினார். 173ஆவதாக எடுக்கப்பட்ட ஆல்ஃபிரெட் மாரிஸ் ஓடியது 1,613. 2010இல் லீகிலேயே அதிகம் ஓடிய ஏரியன் ஃபாஸ்டரை டிராஃப்டில் யாருமே எடுத்திருக்கவில்லை.

ஒரே அணிக்குள்ளேயே நடந்த கதையும் உண்டு. கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் 2020இல் முதல் சுற்றின் கடைசித் தேர்வான 32இல் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேரை எடுத்தது. இரண்டு ஆண்டு கழித்து ஏழாம் சுற்றில், 251ஆவதாக, ஐசயா பாச்செக்கோவை எடுத்தது. அந்தப் பருவமே பாச்செக்கோ முதன்மை ஓட்டக்காரராகிவிட்டார், சீஃப்ஸ் சூப்பர் பவுலும் வென்றது. எட்வர்ட்ஸ்-ஹெலேரின் ஐந்தாம் ஆண்டு உரிமையை அணி பயன்படுத்தவே இல்லை.

இந்தப் பெயர்களைப் பார்த்து, ஏழாம் சுற்றில் யாரை எடுத்தாலும் சரி என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. நமக்கு நினைவிருப்பது தேறியவர்கள் மட்டும்தான். தேறாமல் போனவர்கள் அதைவிட மிக அதிகம். என் கணக்கில் ரன்னிங் பேக்குக்குச் சரியான இடம் இரண்டாம் சுற்றும் மூன்றாம் சுற்றின் முன்பகுதியும். டெரிக் ஹென்றி 45, டால்வின் குக் 41, ஜொனாதன் டெய்லர் 41, நிக் சப் 35. இந்தப் பட்டியல் தற்செயல் இல்லை. மற்ற அணிகள் விலை அதிகம் என்று ஒதுங்குவதால்தான் முதல் சுற்றுத் தரமுள்ள ஓட்டக்காரர்கள் இங்கே வந்து விழுகிறார்கள்.

எண்ணில் பார்க்க வேண்டுமானால், ஜிம்மி ஜான்சன் டல்லஸ் கவ்பாய்ஸின் பயிற்சியாளராக இருந்தபோது புழக்கத்துக்கு வந்த தேர்வு மதிப்பு அட்டவணை இருக்கிறது. அதில் இரண்டாவது தேர்வுக்கு 2,600 புள்ளி, 35ஆவதற்கு 550. 2018இல் பார்க்லிக்கும் சப்புக்கும் இடையில் இருந்த விலை வித்தியாசம் 2,050 புள்ளி. நான்காவது தேர்வின் மதிப்பே 1,800தான். இந்த அட்டவணை முன்வரிசைத் தேர்வுகளைக் கொஞ்சம் அதிகமாகவே மதிக்கிறது. இன்றைய அணிகள் வேறு கணக்குகளும் வைத்திருக்கின்றன. அதைக் கழித்தாலும் இடைவெளி பெரிதுதான்.

படி 4: பந்து வீசும் ஆட்டத்தில் அவருக்கு என்ன வேலை

லீகின் சராசரியில் ஓர் ஓட்டம் நான்கு யார்டுக்குச் சற்று மேலே தருகிறது, ஒரு பாஸ் முயற்சி ஏழு யார்டை ஒட்டி. ஆகவே ஓட மட்டும் தெரிந்தவருக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பந்து பிடிப்பவர் அதைத் தாண்டுவார். ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னால் நின்று வாங்கி மூன்று யார்டு போகும் பாஸ், இன்னொரு ஓட்டம் மாதிரிதான். அவரை ரிசீவர் இடத்தில் நிறுத்தினால் எதிரணி, லைனுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரை விட்டுவிட்டு, ரிசீவர்களைத் தொடரும் கார்னர்பேக்கை அனுப்புகிறதா என்று பாருங்கள். அனுப்பினால் அவர் எதிரணியின் அமைப்பையே மாற்றுகிறார். கிறிஸ்டியன் மெக்காஃப்ரி அந்த ரகம். அவர்கூட 2019இல் 1,387 யார்டு ஓடி, 1,005 யார்டு பிடித்து, கரோலைனா பாந்தர்ஸ் 5 வெற்றி, 11 தோல்வி என்று முடித்ததையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிப்பதைவிட முக்கியமானது தடுப்பது. மூன்றாவது டவுன், அதாவது பத்து யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது, ஏழு யார்டு பாக்கி. குவார்ட்டர்பேக்கின் பக்கத்தில் ரன்னிங் பேக் நிற்கிறார். எதிரில் ஒரு லைன்பேக்கர் நடு லைன்மேனான சென்டரின் தோளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார், வருவாரா மாட்டாரா தெரியாது. ஸ்நாப் ஆனதும் இவர் முதலில் உள்பக்கம் பார்க்க வேண்டும், பிறகு வெளிப்பக்கம். உள்ளே வருபவருக்குத்தான் குவார்ட்டர்பேக்கை அடையும் தூரம் குறைவு. பார்த்ததும் முன்னால் ஓர் எட்டு வைத்து மோத வேண்டும். நின்ற இடத்திலேயே வாங்கினால் குவார்ட்டர்பேக்கின் மடியில் போய் விழுவார். தன்னைவிடப் பத்துப் பதினைந்து கிலோ கூடுதலான ஆள், முழு வேகத்தில். கல்லூரியில் இதை அதிகம் செய்யாதவரைப் பயிற்சியாளர் மூன்றாவது டவுனில் வெளியே உட்காரவைத்துவிடுவார். ஆட்டத்தின் முக்கியமான நேரத்தில் பெஞ்சில் இருப்பவருக்கு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுக்க முடியாது.

படி 5: முழங்காலும் ஆண்டுகளும்

கல்லூரியில் எத்தனை முறை பந்தைத் தூக்கினார், என்னென்ன காயம், டிராஃப்ட் நாளில் வயது என்ன, இந்த மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டாவது ஒப்பந்தத்தை இப்போதே யோசியுங்கள். டாட் கர்லி 2017இல் ஆண்டின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர். 2018இல் ராம்ஸ் அவருக்கு 4.5 கோடி டாலர் உத்தரவாதத்துடன் நீட்டிப்புக் கொடுத்தது, 2020 மார்ச்சில் விடுவித்தது. அப்போது அவருக்கு 25 வயது. எசக்கியல் எலியட்டை கவ்பாய்ஸ் 2016இல் நான்காவதாக எடுத்து, 2019இல் ஆறு ஆண்டுக்கு 9 கோடி என்று ஒப்பந்தம் போட்டு, 2023இல் விடுவித்தது. ஹென்றி 30 வயதிலும் ஓடினார் என்பது உண்மை. ஆனால் அவர் முதல் இரண்டு பருவங்களில் டிமார்கோ மரேக்குத் துணையாகத்தான் ஆடினார், மொத்தம் 286 ஓட்டம்.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. ரன்னிங் பேக்கின் நல்ல ஆண்டுகள் பெரும்பாலும் முதல் ஒப்பந்தத்துக்குள்ளேயே வந்துவிடும். ஐந்தாம் ஆண்டு உரிமை, அப்புறம் வேண்டுமானால் ஃபிரான்சைஸ் டேக் (நிர்ணயித்த தொகைக்கு இன்னும் ஓர் ஆண்டு நிறுத்திவைக்கும் உரிமை) என்று போட்டால் அணி அவரது உச்சத்தை முழுதாக அனுபவித்துவிட்டு அனுப்பிவிடலாம். முதல் சுற்றில் எடுப்பதற்குச் சொல்லப்படும் வலுவான வாதம் இது. கணக்காகப் பார்த்தால் சரிதான். ஆனால் அந்த ஆட்களின் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு வலிக்கிறது. 2023இல் ரன்னிங் பேக் டேக் 1.01 கோடி, ரிசீவருக்கு 1.97 கோடி, குவார்ட்டர்பேக்குக்கு 3.24 கோடி. அந்தக் கோடையில் முன்னணி ரன்னிங் பேக்குகள் பலர் வீடியோவில் கூடிப் பேசினார்கள், ஆனால் ஒப்பந்தத்தில் உடனே மாற்றக்கூடியது எதுவும் அவர்கள் கையில் இல்லை. களத்தில் அதிகம் அடி வாங்குபவர்கள் அவர்கள். இடத்தின் மதிப்பு குறைவு என்று எழுதும்போதெல்லாம் அது சந்தையின் கணக்கு மட்டுமே என்பதை மறக்கக் கூடாது.

படி 6: உங்கள் வீடு எந்த நிலையில் இருக்கிறது

ஒரே ஆள், ஒரே தேர்வு எண், ஓர் அணிக்குச் சரியாகவும் இன்னொன்றுக்குத் தவறாகவும் இருக்கலாம். 2023 டிராஃப்டை அருகருகே வையுங்கள்.

அட்லாண்டா ஃபால்கன்ஸ் எட்டாவதாக பிஜான் ராபின்சனை எடுத்தது. அருமையான ஆட்டக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களிடம் முந்தைய ஆண்டு ஐந்தாம் சுற்றில் எடுத்த டைலர் ஆல்ஜியர் இருந்தார், முதல் பருவத்திலேயே 1,035 யார்டு ஓடியவர். குவார்ட்டர்பேக் யார் என்பது உறுதியாகவில்லை. முந்தைய பருவம் 7-10, பிஜான் வந்த பருவமும் 7-10. அடுத்த தேர்வில், ஒன்பதாவதாக, ஈகிள்ஸ் தற்காப்பு அணியின் லைன்மேன் ஜேலன் கார்ட்டரை எடுத்தது. அடுத்த மார்ச்சில் பார்க்லியைச் சந்தையிலிருந்து மூன்று ஆண்டுக்கு 3.775 கோடிக்கு வாங்கியது. கார்ட்டர் மாதிரி ஒருவர் சந்தைக்கு வருவது அபூர்வம், வந்தாலும் அந்த விலைக்குக் கிடைக்க மாட்டார்.

லயன்ஸ் செய்தது வேறு. ஆறாவது தேர்வை அரிசோனாவுக்குக் கொடுத்து 12க்கும் 34க்கும் இறங்கியது. 12இல் ஜாமியர் கிப்ஸ், 34இல், தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் சாம் லபோர்ட்டா. குவார்ட்டர்பேக் ஜாரட் காஃப் இருந்தார், பினே சீவெல், ஃபிராங்க் ராக்னோ என்று லைன் ஏற்கனவே கட்டப்பட்டிருந்தது. கிப்ஸ் பந்தும் பிடிப்பவர். அந்தப் பருவம் சூப்பர் பவுலுக்கு முந்தைய மாநாட்டு இறுதிப்போட்டி, அடுத்தது 15 வெற்றி, 2 தோல்வி. 12 அப்போதும் விலை அதிகம்தான் என்பேன். ஆனால் இறங்கி ஒரு தேர்வைச் சம்பாதித்த பிறகு கொடுத்த விலை அது.

ஆகவே கேட்க வேண்டியவை: நம்பக்கூடிய குவார்ட்டர்பேக் இருக்கிறாரா, லைனில் குறைந்தது நான்கு பேர் நிலையாக இருக்கிறார்களா, இப்போதுள்ள ஓட்டக்காரரைவிட இவர் உண்மையில் எவ்வளவு கூடுதல் தருவார், கீழே இறங்க வழி இருக்கிறதா. முதல் இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் முதல் பத்தில் ரன்னிங் பேக் வேண்டாம்.

படி 7: எல்லாவற்றையும் ஒரு தேர்வில் போட்டுப் பார்ப்போம்

2025, ஆறாவது தேர்வு, லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ். டிராஃப்ட் நாட்களில் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொள்வோம்.

ஆள் பாய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி. 2024இல் 2,601 யார்டு. 1988இல் பாரி சாண்டர்ஸ் ஓடிய 2,628ஐ எட்ட 27 யார்டுதான் குறைவு. தொடுதலுக்குப் பிறகு எடுக்கும் யார்டில் அவர் தனி ரகம், ஆகவே இரண்டாம் படியில் முழு மதிப்பெண். ஆனால் அந்த ஒரே பருவத்தில் 374 ஓட்டம், ஐந்தாம் படியில் கொஞ்சம் குறைகிறது. அணி 2024இல் ஓட்டத்தில் லீகிலேயே கடைசி. அதில் லைனின் பங்கும் பெரிது, புது ஓட்டக்காரர் வந்தாலும் லைன் அதேதான். குவார்ட்டர்பேக்காக ஜீனோ ஸ்மித்தை அப்போதுதான் வாங்கியிருந்தார்கள். டவான்டே ஆடம்ஸை முந்தைய அக்டோபரில் அனுப்பிவிட்டதால் முதன்மை ரிசீவர் இடமும் காலி.

இப்போது மூன்றாம் படி. ரெய்டர்ஸின் இரண்டாம் சுற்றுத் தேர்வு 37. ரிசீவர் டெட்டைரோவா மெக்மிலன் ஆறாவது தேர்வின்போது இன்னும் இருந்தார், எட்டாவதாக கரோலைனாவுக்குப் போனார். 36இல் ஓஹாயோ ஸ்டேட்டின் குவின்ஷான் ஜட்கின்ஸ் போனார், 38இல் அதே பல்கலைக்கழகத்தின் ட்ரெவியான் ஹெண்டர்சன். இரண்டு ரன்னிங் பேக்குகளுக்கும் நடுவில் ரெய்டர்ஸின் தேர்வு. அந்த ஆண்டு ஓட்டக்காரர்கள் வரிசை ஆழமானது என்பது மாதக்கணக்கில் பேசப்பட்டதுதான். ஹெண்டர்சன் பந்து பிடிப்பார், பிளிட்ஸைத் தடுப்பதில், அதாவது குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் கூடுதல் ஆட்களைத் தடுப்பதில், அந்த வகுப்பிலேயே நல்ல பெயர் எடுத்தவர்.

ரெய்டர்ஸ் ஆறில் ஜென்டியை எடுத்தது. 37இலிருந்து இரண்டு முறை கீழே இறங்கி, 58இல் ரிசீவர் ஜாக் பெக்கை எடுத்தது. என் நோட்டில் அன்று இரண்டு வரி இருந்தது. ஒன்று, ஜென்டியும் பெக்கும். மற்றொன்று, மெக்மிலனும் ஹெண்டர்சனும். ஜென்டி ஹெண்டர்சனைவிட மேல் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மெக்மிலனுக்கும் பெக்குக்கும் இடையிலான தூரம் அதைவிடப் பெரிது. அந்த இடத்துக்கு வெளியே கேட்கும் விலையும் இரட்டிப்பு. நான் இரண்டாவது வரியைத்தான் வட்டமிட்டிருந்தேன்.